உறையாத பாலும் ஓயாத மருந்தும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாதத்தில், எங்கள் வீட்டில் உறை ஊற்றிய பால் தயிராகவில்லை. பனிக்காலமாதலின் சற்றுத் தாமதமாக உறையும் என்று எண்ணிப் பாத்திரத்தை அடுப்பின் அருகே நகர்த்தி வைத்தேன். நண்பகலாகியும் அது பாலாகவே இருந்தது. உறைமோரில் குறை போலும் என்று பக்கத்து வீட்டில் புதிய மோர் வாங்கி மறுநாள் மீண்டும் முயன்றேன். அன்றும் அவ்வாறே. ஆனால் பக்கத்து வீட்டாரின் பால் அதே மோரில் கட்டித் தயிராக உறைந்திருந்தது. குற்றம் மோரிலும் இல்லை, குளிரிலும் இல்லை என்பது தெளிவாயிற்று.

மூன்றாம் நாள் பால் கொண்டுவந்த அம்மாளைக் கேட்டேன். "சத்தியமா தண்ணி கலக்கல டீச்சரம்மா" என்று கண் கலங்கினார். தண்ணீர் கலந்த பாலும் உறையத்தான் செய்யும். நான் கேட்பது அதுவன்று என்று அமைதிப்படுத்தி, மாடு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். "மடி வீங்கிப் போச்சும்மா. கடையில மருந்து வாங்கிக் காம்புல ஏத்தினோம். இப்ப வீக்கம் வத்திடுச்சு" என்றார். என் ஐயம் தீர்ந்தது.

பால் தயிராவது நுண்ணுயிர்களால். உறைமோரில் வாழும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பாலிலுள்ள சர்க்கரையைப் புளிப்பாக மாற்றுகின்றன. அப்புளிப்பினால் பால் திரண்டு உறைகிறது. மாட்டின் மடியில் ஏற்றிய மருந்து பாலில் கலந்து வந்தால், நாம் ஊற்றும் உறைமோரின் உயிர்களையும் அது அழித்துவிடும். பால் பண்ணைகளிலும் பாலாடைக்கட்டி ஆலைகளிலும் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி இது. மருந்து கலந்த பாலைக் கண்டறியும் சோதனைகள் சிலவும் இவ்வடிப்படையில் அமைந்தவையே. என் அடுக்களையில் நான் அறியாமலே அத்தகைய சோதனை ஒன்று நடந்து முடிந்திருந்தது.

நம் இல்லங்களில் இப்பொருளைப் பேசத் தொடங்கினால், "கோழிக்கும் பன்றிக்கும் கொடுக்கும் மருந்தைப் பற்றிப் புலால் உண்பவர்தாம் கவலைப்பட வேண்டும்; நமக்கென்ன?" என்ற கேள்வி எழுகிறது. நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியவள். அவ்வெண்ணம் பிழையென்று காட்டுவதே இப்பாடத்தின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் என்று கேட்டு வாங்குகிறோமே, அதனை இக்கட்டுரையில் நுண்ணுயிர்க்கொல்லி என்று குறிப்பிடுகிறேன். பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களை அது கொல்லும், அல்லது பெருகாமல் தடுக்கும். சளி, ஃபுளூ முதலிய வைரஸ் நோய்களுக்கு அது பயன்படாது.

அடுத்து ஒரு சொல்லில் எச்சரிக்கை வேண்டும். 'எதிர்ப்பாற்றல்' என்றவுடன் நம் உடலின் நோய் எதிர்ப்பாற்றலே நினைவுக்கு வருகிறது. ஆகவே நாளிதழ்களில் 'ஆன்டிபயாடிக் எதிர்ப்பாற்றல் பெருகுகிறது' என்று படிப்போர் சிலர் அதனை நற்செய்தியாகவே கொள்கின்றனர்! இங்கு ஆற்றல் பெறுவது நம் உடலன்று. நோய் செய்யும் கிருமி. மருந்தைக் கொடுத்தும் அது சாவதில்லை. குழப்பம் நேராதிருக்க இதனை 'மருந்தெதிர்ப்பு' என்றே எழுதுகிறேன்.

மருந்தெதிர்ப்பு எவ்வாறு உண்டாகிறது? நம் குடலிலும் விலங்குகளின் குடலிலும் வாழும் ஈ-கோலை என்னும் பாக்டீரியா, சூழ்நிலை முற்றும் வாய்ப்பாக இருந்தால், ஏறத்தாழ 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 7 மணி நேரத்தில் 21 முறை பிரிந்தால் 20,97,152 ஆகிவிடும். ஐயமுள்ளோர் பிள்ளைகளைக் கொண்டு பெருக்கிப் பார்க்கலாம். இத்தனை கோடிப் பெருக்கத்தில் எங்கோ ஒன்றிரண்டு இயல்பில் மாறுபட்டுப் பிறக்கும். மருந்து வரும்போது மற்றவை மடிகின்றன, மாறுபட்டவை தப்புகின்றன. இடமும் உணவும் தமக்கே கிடைப்பதால் அவையே பெருகுகின்றன.

மருந்தின் அளவு குறைவாகவும் நாள்தோறும் இடப்படுவதாகவும் இருந்தால் இவ்வாபத்து மிகும். நாள்தோறும் சிறுதேர்வு எழுதிப் பழகிய வகுப்பு ஆண்டுத் தேர்வுக்கு அஞ்சுவதில்லை என்பதை ஆசிரியர்கள் அறிவோம். உவமை முழுவதும் பொருந்தாது. பாக்டீரியா எதையும் கற்றுக்கொள்வதில்லை, எளிய தேர்வில் தப்பியவை மட்டும் வகுப்பில் எஞ்சுகின்றன. ஆயினும் விளைவு ஒன்றே. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு ஏற்று ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தை உட்கொள்வோர் கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடுவர் என்று எச்சரித்துள்ளார். அவர் நினைத்தது மனிதர் உட்கொள்ளும் மருந்தை. தீவனத் தொட்டியில் அதே தவறு டன் கணக்கில் நிகழும் என்பதை அவ்வாண்டில் எவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தீவனத்தில் கலந்த கதை

இவ்வரலாற்றில் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ், அங்கு லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவராக விளங்கினார். அவருடைய தலைமையின் கீழ்ப் பணியாற்றியவர் பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியல் பேராசிரியர். பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், எழுபது வயதைக் கடந்த நிலையில், பல ஊர்களின் மண்ணை வரவழைத்து ஆராய்ந்து, மிசௌரி மாநிலத்து மண்ணிலிருந்து பொன்னிறமான ஒரு நுண்ணுயிரைக் கண்டெடுத்தார். அதிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்து பிறந்தது. 1948இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. (ஓய்வுக்குப் பின் ஒன்றும் செய்ய இயலாது என்று சலித்துக்கொள்ளும் என் போன்ற ஆசிரியர்களுக்கு டக்கர் நல்ல துணை.) அதே 1948இல் சுப்பாராவ் மறைந்தார்.

அவ்வாய்வகத்திலேயே தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்னும் இருவர் கோழிக்குஞ்சுகளின் தீவனத்திற்கு மலிவான பி12 வைட்டமினைத் தேடிக்கொண்டிருந்தனர். ஆரியோமைசின் வடித்தெடுத்தபின் எஞ்சிய திப்பியைக் குஞ்சுகளுக்கு ஊட்டினர். வைட்டமின் மட்டும் உண்ட குஞ்சுகளைவிட இவை கூடுதலாக எடை போட்டன. திப்பியில் தங்கியிருந்த சிறிதளவு மருந்தே அதற்குக் காரணம் என்று 1950இல் தெரியவந்தது. நோயே இல்லாத விலங்குக்கு நாள்தோறும் ஒரு சிட்டிகை மருந்து. தீவனம் அதே, எடை மட்டும் கூடுதல். வணிகருக்கு இதைவிட என்ன வேண்டும்? அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோழி, பன்றி, மாட்டுத் தீவனங்களில் நுண்ணுயிர்க்கொல்லி கலப்பது வழக்கமாயிற்று.

எடை கூடியதோடு இது நிற்கவில்லை. நெருக்கமாக அடைத்தால் விலங்குகளுக்கு நோய் பரவும். அதனால் பண்ணையாளர் ஓரளவுக்கு மேல் அடைக்க அஞ்சினர். தீவனத்தில் மருந்து இருக்கிறது என்ற துணிவு வந்தபின் அவ்வச்சம் நீங்கிற்று. ஆயிரம் குஞ்சுகள் இருந்த கூரையின் கீழ்ப் பல்லாயிரம் அடைக்கப்பட்டன. இல்லறத்தாரின் கொல்லாமை அணுவிரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களை நம் குழந்தைகளும் வரிசையாக ஒப்பிப்பர்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். அவற்றுள் முதலாவதாகக் 'கட்டுதல்' இருப்பதைக் கருதிப் பாருங்கள். அசைய இடமின்றி அடைத்தல் அதன்பாற்படும் என்றே நான் கொள்கிறேன். அத்தகைய கட்டுக்குக் கயிறாக அமைந்தது இம்மருந்து. மருந்து என்பதால் அதனை இரக்கச் செயலாகக் கருதிவிடலாகாது.

இங்கிலாந்து அரசு அமைத்த ஸ்வான் குழு 1969இலேயே, மனிதருக்குச் சிகிச்சையளிக்கப் பயன்படும் மருந்துகளை எடை கூட்டுவதற்காகத் தீவனத்தில் சேர்த்தல் தகாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை அரைகுறையாகவே நிறைவேறியது.

கோழியிடமிருந்து குடும்பத்திற்கு

விலங்கின் குடலில் தோன்றிய மருந்தெதிர்ப்பு மனிதருக்கு வரும் என்பதற்குச் சான்று என்ன? மருந்து நிறுவனத்தார் நெடுநாள் எழுப்பிய வினா இது. ஸ்டூவர்ட் லெவி என்னும் மருத்துவ அறிஞர் பாஸ்டன் நகருக்கு அருகில் ஒரு பண்ணையில் சோதனை நடத்தி, முடிவை 1976இல் வெளியிட்டார். சுமார் 300 கோழிக்குஞ்சுகளை வாங்கி இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனமும், மறுபகுதிக்கு வெறும் தீவனமும் இட்டார். ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் மருந்துண்ட குஞ்சுகளின் குடலில் இருந்த ஈ-கோலை பெரும்பாலும் அம்மருந்துக்கு அஞ்சாதவையாயின. சில மாதங்களில் மருந்துண்ணாத குஞ்சுகளிடமும் அவை காணப்பட்டன. பின்னர், அப்பண்ணையில் வாழ்ந்த குடும்பத்தினரின் குடலிலும் காணப்பட்டன. அண்டை வீட்டாரிடம் அந்த அளவு இல்லை.

அதனினும் வியப்பு ஒன்று உண்டு. குஞ்சுகளுக்கு ஊட்டியது ஒரே மருந்து. ஆனால் அக்கிருமிகள் வேறு சில மருந்துகளுக்கும் அஞ்சாதவையாக மாறியிருந்தன. இதன் காரணத்தைத் தேர்வு மண்டபத்தைக் கொண்டு விளக்கலாம். கண்காணிப்பாளர் சற்றே திரும்பியவுடன் ஒரு மாணவன் விடை எழுதிய துண்டுச் சீட்டை அடுத்தவனுக்குக் கைமாற்றுகிறான் அல்லவா? பாக்டீரியாக்களும் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தைத் தமக்குள் கைமாற்றுகின்றன. ஒரே சீட்டில் ஐந்து வினாவுக்கு விடை இருப்பது போல, ஒரே வளையத்தில் பல மருந்துகளைத் தாங்கும் குறிப்புகள் இருக்கலாம். தன் இனத்துக் கிருமிக்குத்தான் கொடுக்கும் என்பதும் இல்லை, வேற்றினத்துக்கும் கொடுக்கும்.

லெவியின் சோதனையில் ஆறுதலான செய்தியும் உண்டு. மருந்துத் தீவனத்தை நிறுத்தி ஆறு மாதம் சென்றபின் பார்த்தபோது, குடும்பத்தினர் பெரும்பாலோரிடம் அக்கிருமிகள் மிகவும் குறைந்திருந்தன.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு கோலிஸ்டின். சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால் மருத்துவர்கள் பல்லாண்டு ஒதுக்கி வைத்திருந்த பழைய மருந்து இது. மற்ற மருந்துகள் பலிக்காத நோயாளிகள் பெருகியபோது, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இறுதித் துணையாக அதனை மீண்டும் கையில் எடுத்தனர். அதற்குள் சீனாவில் பன்றிகளின் தீவனத்திலும், நம் நாட்டில் கோழிகளின் தீவனத்திலும் எடை கூட்டுவதற்காக அது கலக்கப்பட்டு வந்தது. 2015 நவம்பரில் சீன அறிஞர்கள், கோலிஸ்டினைத் தாங்கும் எம்.சி.ஆர்-1 என்னும் மரபணுவை அத்தகைய துண்டுச் சீட்டு வளையத்தில் கண்டதாக அறிவித்தனர். பன்றியில், இறைச்சியில், மருத்துவமனை நோயாளிகளிடத்தில் என மூவிடத்தும் அது இருந்தது. சீன அரசு 2017இல் தீவனத்தில் கோலிஸ்டினைத் தடை செய்தது. இந்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதனைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. தடைக்குப் பின் சீனாவில் விலங்குகளிடமும் மனிதரிடமும் கோலிஸ்டின் எதிர்ப்பு குறைந்ததாக ஆய்வுகள் கூறுகின்றன.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்தெதிர்ப்பின் நேர் விளைவாக உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என்று 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. இதற்கெல்லாம் மாட்டையும் கோழியையும் மட்டும் காரணமாகக் கூறுதல் நேர்மையாகாது. தலைவலிக்கும் சளிக்கும் நாமே வாங்கி விழுங்கும் மாத்திரைக்கும், மருத்துவமனைகளின் தூய்மைக் குறைவுக்கும், மருந்தாலைக் கழிவுக்கும் பெரும் பங்குண்டு. எனினும் உலகில் விற்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு உணவுக்கான விலங்குகளுக்கே செல்கிறது என்றொரு மதிப்பீடு இருக்கையில், அப்பங்கைக் கருதாமல் விடவும் இயலாது.

என் தமக்கையாருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தபோது ஆய்வுக்கூடம் அளித்த தாளை இன்றும் வைத்திருக்கிறேன். மருந்துகளின் பெயர்கள் ஒரு பக்கம். எதிரே எஸ் அல்லது ஆர் என்ற ஆங்கில எழுத்து. எஸ் என்றால் அம்மருந்துக்குக் கிருமி அடங்கும். ஆர் என்றால் அடங்காது. வாயால் விழுங்கும் மாத்திரைகள் அனைத்திற்கும் எதிரே ஆர் என்றே இருந்தது. எண்பது வயதில் அவர் ஏழு நாள் மருத்துவமனையில் தங்கி ஊசி மருந்து ஏற்றிக்கொண்டார். அவர் வாழ்நாளில் புலாலைத் தொட்டவர் அல்லர். அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று எவராலும் கூற இயலாது. கூற இயலாமையே இங்குக் கருதத் தக்கது.

புலால் உண்ணாதார்க்கு எவ்வழி வரும்?

வழிகள் சில உண்டு. முதலாவது எரு. விலங்குக்கு ஊட்டிய மருந்தில் கணிசமான பகுதி மாறாமலே சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. மருந்தெதிர்ப்புக் கிருமிகளும் உடன் வருகின்றன. கோழி எருவை வண்டி வண்டியாக வாங்கி வயலில் இடுவது நம் ஊர்களிலும் வழக்கம். நிலம் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் பலவும் இட்டிருக்கும். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், உத்தரப்பிரதேசம், இராஜஸ்தான், அரியானா, பஞ்சாப் ஆகிய நான்கு மாநிலங்களின் 12 கோழிப்பண்ணைகளில் எருவை எடுத்துப் பார்த்தனர். பல மருந்துகளுக்கு அஞ்சாத ஈ-கோலை அதில் மிகுந்திருந்தது. அவ்வெருவை இட்ட அண்டை வயல் மண்ணிலும் அவ்வாறே. அவ்வயலில் விளையும் கீரைக்கு, அதனை உண்பவர் சைவரா அசைவரா என்பது தெரியாது.

இரண்டாவது நீர். மழை பெய்தால் எருக்குழியும் பண்ணைக் கழிவும் ஏரிக்கும் கிணற்றுக்கும் வருகின்றன. நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகும் நம் பழக்கம் இங்கு மிகவும் உதவும். ஆனால் உதவுவது காய்ச்சுதலே என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். துணியின் கண்களுக்குள் பாக்டீரியா எளிதில் நுழைந்துவிடும்.

மூன்றாவது பால். இதில் இரு வேறு தீமைகளைப் பிரித்தறிய வேண்டும்; பலரும் இங்கே குழம்புகின்றனர். பாலில் உயிருள்ள கிருமி இருக்கலாம். மருந்தின் எச்சமும் இருக்கலாம். நன்கு காய்ச்சினால் கிருமி அழியும். மருந்தின் எச்சமோ காய்ச்சுவதால் முற்றும் அழிவதில்லை. பெரும்பகுதி பாலிலேயே தங்கும். பெனிசிலின் ஒவ்வாமை உடையவர்க்கு அதனால் தீங்கு நேரலாம். நம் குடலில் வாழும் கிருமிகளுக்கும் அது நாள்தோறும் ஊட்டும் சிறுதேர்வாக அமையலாம்.

ஆயினும் பால் முழுவதும் நஞ்சு என்று அஞ்சுதல் வேண்டா. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. நுண்ணுயிர்க்கொல்லி எச்சம் வரம்பை மீறியிருந்தவை 77. நூற்றுக்கு ஒன்றைவிடச் சற்றே அதிகம். என் வீட்டுப் பால் அந்த ஒன்றில் சேர்ந்தது போலும்.

நோயுற்ற பசுவுக்கு மருந்து வேண்டாமா?

வேண்டும். இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரேனும் மடி வீங்கித் துடிக்கும் பசுவுக்கு மருந்து தராமல் விட்டால், அது என் எழுத்தின் குற்றமாகும். நோயுற்ற உயிருக்கு மருத்துவம் செய்தல் ஒன்று. நோயற்ற உயிருக்கு எடை கூட்டவும் நெருக்கடியைத் தாங்கவும் மருந்தூட்டுதல் மற்றொன்று. உலக சுகாதார நிறுவனமும் 2017இல் இவ்வாறே வேறுபடுத்தி, நோயற்ற விலங்குகளின் வளர்ச்சிக்காக இம்மருந்துகளைத் தருவதை அறவே நிறுத்துமாறு பரிந்துரைத்தது. ஐரோப்பிய நாடுகளில் ஸ்வீடன் 1986இலேயே நிறுத்தியது. டென்மார்க் 1995 முதல் படிப்படியாக நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரியில் நிறுத்தியது. டென்மார்க்கில் தொடக்கத்தில் பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு மிகுந்து, சிகிச்சைக்கான மருந்து சற்றுக் கூடியது உண்மை. பண்ணைத் தொழில் அழிந்துவிடும் என்று அச்சுறுத்தினரே, அது மட்டும் நிகழவில்லை.

நம் ஊரில் மாடு வைத்திருப்போரின் இடர் வேறு வகையானது. அவர்கள் எடை கூட்ட மருந்தூட்டுவதில்லை. கால்நடை மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கி, வீக்கம் வற்றியதும் நிறுத்திவிடுகின்றனர். பலவேளை மருத்துவர் பத்துக் கல் தொலைவில் இருக்கிறார். அவர்களைக் குறை கூறுமுன் இதனை எண்ண வேண்டும்.

மடிநோய் வராமல் காத்தலே முதல் வழி. அதற்குச் செலவும் இல்லை. கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் துடைக்க வேண்டும். பெருவிரலை மடக்கிக் காம்பை நசுக்கிக் கறக்காமல் முழுக்கையால் கறக்க வேண்டும். கறந்து முடித்தபின் காம்பின் துளை மூடுவதற்குச் சற்று நேரமாகும். அதற்குள் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி உள்ளே ஏறும். ஆகவே கறந்தவுடன் தீவனம் வைத்து அரை மணி நேரமேனும் நிற்கச் செய்ய வேண்டும். என் மாமியார் பால் கறந்தவுடன்தான் மாட்டுக்கு வைக்கோல் போடுவார். காரணம் கேட்டால், "அப்படித்தான்" என்பார். காரணம் எனக்கு எழுபது வயதில் தெரிந்தது.

நோயின் தொடக்கத்தில் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் சேர்த்தரைத்து மடியில் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து வகுத்துள்ளனர். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் அதனைப் பல மாநிலங்களில் பரப்பி வருகிறது. அளவையும் முறையையும் கால்நடை மருந்தகத்தில் கேட்டறிதல் நலம். காய்ச்சல் கண்டு, பாலில் இரத்தமோ சீழோ வந்தால் மருத்துவரை அழைப்பதில் தாமதம் கூடாது. அவர் எத்தனை நாள் மருந்து என்கிறாரோ அத்தனை நாளும் தருதல் வேண்டும்.

மருந்து முடிந்தபின்னும் பாலை உடனே பயன்படுத்தலாகாது. அதற்குரிய இடைவெளி மருந்தின் உறையில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்று 2012இல் இந்திய அரசு விதி செய்தது. உறையில் குறிப்பு இல்லையெனில் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள் என்பது அவ்விதி. ஒரு காம்பில் ஏற்றினாலும் நான்கு காம்பின் பாலையும் ஒதுக்க வேண்டும். வீணாகிறதே என்று கன்றுக்கு ஊட்டுவதும் தவறு. கன்றின் குடலிலும் அதே மருந்தெதிர்ப்பு வளரும். வேறு பசுவின் பாலைக் கன்றுக்குத் தேடித் தருதல் வேண்டும்.

இவ்வளவையும் நான் அந்தப் பால்கார அம்மாளிடம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏழு நாளு பாலைக் கொட்டச் சொல்றீங்களே டீச்சரம்மா, சங்கத்துக் கடனை யாரு கட்டுவாங்க?" என்றார். நாற்பது ஆண்டு பாடம் நடத்தியவள் அன்று விடை தெரியாமல் நின்றேன். வேளைக்கு 4 லிட்டராக நாளொன்றுக்கு 8 லிட்டர். 7 நாளுக்கு 56 லிட்டர். லிட்டர் 40 ரூபாய் வீதம் 2,240 ரூபாய். எங்கள் தெருவில் அவரிடம் பால் வாங்குவோர் ஐந்து வீட்டார். ஒரு வீட்டுக்கு 448 ரூபாய்.

அன்று மாலை, இருட்டுமுன் உணவு முடிந்தபின், ஐந்து வீட்டுக்கும் சென்று பேசினேன். மூன்று வீட்டார் உடனே ஒப்புக்கொண்டனர். ஒருவர், "கோமாதாவுக்கு ஆகும் செலவு, தாராளமாகத் தரலாம்" என்றார். ஐந்தாம் வீட்டார், பால் வாங்காத நாளுக்குப் பணம் எதற்கு என்று கேட்டனர். அவர்கள் பங்கை நாங்கள் நால்வரும் பகிர்ந்துகொண்டோம். அது முதல் ஓர் ஏற்பாடு நடந்து வருகிறது. மாட்டுக்கு மருந்து போட்டால் அவர் மறைக்காமல் வந்து சொல்வார். பால் வராத நாளுக்கும் நாங்கள் பணம் தருவோம்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருந்து முடிந்த நாளன்று அவருடைய மகன் கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் ஏழு கோடு போட்டு வைக்கிறான். நாளுக்கொன்றாக அவர் அழிக்கிறார். சாக்கட்டி என் பழைய பெட்டியிலிருந்து கொடுத்தது. சென்ற தை மாதம் ஏழாவது கோடு அழிந்த மறுநாள் வந்த பாலில் உறை ஊற்றினேன். காலையில் கட்டித் தயிராக உறைந்திருந்தது.